வாசகர் கேள்வி-பதில்: கை வைத்த ஏடிவி இன்ஜினை நம்பி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம். யமஹா ராப்டர் 660 ஸ்போர்ட் ஏடிவி (கரடுமுரடான பாதையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) ஒன்று கைமாற வருகிறது. 686 கிட், ஹை கம்ப்ரஷன் பிஸ்டன், வேறு கேம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு), முழு எக்ஸாஸ்ட், திறந்த ஏர் ஃபில்டர் எல்லாம் போட்டிருப்பதாக விற்பவர் சொல்கிறார். ஓட்டிப் பார்த்தேன், பிக்கப் பயங்கரமாக இருக்கிறது. ஆனால் இன்ஜின் விஷயத்தில் எனக்கு அனுபவம் குறைவு. எதையெல்லாம் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்?

பதில்: முதலில் அந்தப் பிக்கப்பை மறந்துவிடுங்கள். நாளை உடையப்போகிற இன்ஜினும் இன்றைக்கு நன்றாகத்தான் இழுக்கும். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போய் லீனாக ஓடுகிற இன்ஜின், பிஸ்டன் உருகுவதற்கு முன்னால் வழக்கத்தைவிடச் சுறுசுறுப்பாகவே தெரியும். ஓட்டிப் பார்ப்பது அவசியம்தான், ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

அடுத்து அந்த 686 என்ற எண். ராப்டர் 660-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 100 மி.மீ., ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் நகரும் தூரம், 84 மி.மீ. போரை 102 ஆக்கினால் 686 சிசி வருகிறது, அவ்வளவுதான். 2006-இல் வந்த ராப்டர் 700-க்கு யமஹாவே கொடுத்த அளவும் இதே 102-க்கு 84தான். ஆக கூடியது 26 சிசி, நூற்றுக்கு நாலு. இந்த நாலு சதவீதத்தால் ஒரு இன்ஜின் கெட்டுப்போகாது. அதோடு சேர்த்துப் போட்ட ஹை கம்ப்ரஷன் பிஸ்டனும் கேமும்தான் சூட்டையும் பாரத்தையும் ஏற்றுகிறவை. அதனால் "எவ்வளவு சக்தி கூடியது" என்று விற்பவரிடம் கேட்காதீர்கள், சந்தோஷமாக அரை மணி நேரம் பேசுவார். கூடிய சக்தியைத் தாங்குவதற்கு வேறு என்னென்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள். என்ன பெட்ரோல் ஊற்றுகிறார்? கம்ப்ரஷன் ரேஷியோ (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) எவ்வளவு? கார்புரேட்டரில் இப்போது என்ன அளவு ஜெட் (பெட்ரோல் போகும் சிறு துளை) இருக்கிறது, பழைய ஜெட் எது? கேம் மாற்றியபோது வால்வ் ஸ்பிரிங்கும் மாற்றினார்களா? டைமிங் செயின் பழையதா? போர் போட்டது எந்தப் பட்டறை, பில் இருக்கிறதா? உண்மையிலேயே வேலை செய்தவர், அல்லது நல்ல மெக்கானிக்கிடம் செய்வித்தவர், இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார், ஜெட் நம்பரை எழுதிவைத்த துண்டுச் சீட்டைக்கூட எடுத்துக் காட்டுவார். "அதெல்லாம் எனக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்தது, எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பலமுறை கைமாறிய வண்டிகளில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அப்போது அந்த இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்குமே தெரியாது என்றுதான் அர்த்தம், விலையும் அதற்கேற்றபடிதான் பேச வேண்டும்.

பெட்ரோல் கேள்வியை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள். கம்ப்ரஷன் ரேஷியோ ஏற ஏற அதிக ஆக்டேன் எரிபொருள் வேண்டும். ரேஸ் பெட்ரோலில் ஓடிய இன்ஜினில் நீங்கள் சாதாரண பெட்ரோலை ஊற்றினால், மேடேறும்போது உள்ளே நேரத்துக்கு முன்பே வெடித்து டிக் டிக்கென்று நாக்கிங் வரும், அப்புறம் பிஸ்டன் தலையில் அரிப்பு, ரிங் உடைவது, கேஸ்கெட் போவது என்று ஒவ்வொன்றாக ஆரம்பிக்கும். வண்டி நன்றாக இருந்தும், அது குடிக்கிற பெட்ரோல் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்காது என்றால் அந்த வண்டி உங்களுக்கானது இல்லை.

சரி, இனி நேரில் பார்ப்போம். நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் எக்ஸாஸ்ட் பைப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒன்றை மறைக்க முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம், தப்பில்லை. ஒரு மணி நேரம் காத்திருங்கள், இல்லையென்றால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்புங்கள். வால்வ் இடைவெளி குறைந்துபோன இன்ஜின், ரிங் தேய்ந்த இன்ஜின், ஐட்லிங் ஜெட் அடைத்த கார்புரேட்டர் எல்லாமே தங்கள் குணத்தைக் காட்டுவது குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான். சோக் போட்டு இரண்டு மூன்று முறை சுற்றியதும் பிடித்துக்கொண்டால் நல்லது. ஆக்சிலரேட்டரை ஆட்டி ஆட்டி உயிர் கொடுக்க வேண்டியிருந்தால் ஏன் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஸ்டார்ட் ஆன கையோடு ஒரு வீச்சு நீலப்புகை வந்து நின்றுவிட்டால் வால்வ் சீல் வழியாக ஆயில் இறங்கியிருக்கிறது, அதைச் சமாளிக்கலாம். இழுக்கும்போதெல்லாம் நீலப்புகை தொடர்ந்தால் ரிங்கோ போரோ போய்விட்டது. குளிர்ந்த இன்ஜினில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப்புகை வெறும் நீராவி. சூடேறிய பிறகும் நிற்காமல், ஒருவித இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. இந்த மூன்றில் பயம் குறைவானது கறுப்புதான், ஜெட்டை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் நீண்ட நாள் அப்படியே ஓட்டியிருந்தால் பெட்ரோல் ஆயிலோடு கலந்து போரைக் கழுவியிருக்கும்.

ஒலியைக் கேட்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும், முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டுங்கள். மேல் பக்கம் லேசான டக் டக் என்பது டேப்பட் சத்தம், சரிசெய்யக் கூடியது. ஒரு பக்கமாகச் சங்கிலி உரசுகிற மாதிரி கேட்டால் டைமிங் செயினும் டென்ஷனரும். கிளட்ச் லீவரைப் பிடித்ததும் சத்தம் மாறினாலோ நின்றாலோ கிளட்ச் பக்கத்தில் தேடுங்கள். கீழே கேஸுக்குள்ளிருந்து கனமான தட்டல் வந்து, பாரம் கொடுக்கும்போது அது கூடினால் கனெக்டிங் ராட் பேரிங். அந்தச் சத்தத்தைக் கேட்டால் மேற்கொண்டு எதையும் பார்க்க வேண்டாம்.

இப்போது ஆயில். சில ஸ்போர்ட் இன்ஜின்களில் ஆயில் தனித் தொட்டியில் இருக்கும், இன்ஜினைக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்த பிறகு பார்த்தால்தான் சரியான அளவு தெரியும், ராப்டர் 660-உம் அந்த வகை. ஹோண்டா டிஆர்எக்ஸ்450ஆர் மாதிரி சிலவற்றில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆயில் தனித்தனி, அங்கே இரண்டையும் பார்க்க வேண்டும். விரலில் தொட்டுத் தேய்த்து வெயிலில் பாருங்கள். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் அல்லது கூலன்ட். பெட்ரோல் வாடை அடித்தால் ரிங் தாண்டி இறங்குகிறது, அல்லது கார்புரேட்டர் நிரம்பி வழிகிறது. மினுமினுவென்று வெள்ளித் தூள் போல இருந்தால் அலுமினியம், பிஸ்டனோ பேரிங்கின் உட்காரும் இடமோ கரைகிறது. டிரெய்ன் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் மிக நைசான கறுப்புப் பசை ஒட்டியிருப்பது சாதாரணம், கையில் எடுக்கக்கூடிய துணுக்கு ஒட்டியிருந்தால் சாதாரணம் இல்லை. விற்பவர் சம்மதித்தால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி அதன் மடிப்புகளை விரித்துப் பாருங்கள், இன்ஜின் எழுதிவைத்த நாட்குறிப்பு மாதிரி எல்லாம் அங்கே இருக்கும். புத்தம் புது ஆயில், அதுவும் நேற்று ஊற்றியது போலத் தெளிவாக இருந்தால், மாற்றிய பழைய ஆயிலும் ஃபில்டரும் எங்கே என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நான் எந்த ஏடிவியைப் பார்த்தாலும் அதிக நேரம் செலவழிப்பது ஏர் ஃபில்டரில்தான், பலர் இதை ஒரு பார்வையோடு விட்டுவிடுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏடிவி புழுதியில் ஓடுகிற வண்டி. முன்னால் போகிற வண்டி கிளப்பும் தூசு நேராக உங்கள் இன்ஜினுக்குத்தான் வருகிறது. மண் துகள் கொஞ்சமாக உள்ளே போனாலும் ரிங்கையும் போரையும் உப்புத்தாள் போட்டது போல அறுத்துவிடும், வால்வ் முகத்தையும் தேய்க்கும். பவர் வேண்டும் என்று ஏர் பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டு, பெரிய ஃபில்டரை வெறும் கிளாம்ப்பில் மாட்டி ஓட்டுகிறவர்கள் நிறைய. அதில் தப்பில்லை, ஆனால் அதற்கு இரட்டிப்பு கவனிப்பு வேண்டும். ஃபோம் ஃபில்டரில் அதற்குரிய எண்ணெய் பிசுபிசுப்பாக இருக்கிறதா, காய்ந்து மொறுமொறுவென்று இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஃபில்டரைக் கழற்றி, அதற்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் வந்தால், அந்த மண் ஃபில்டரைத் தாண்டி வந்தது, அதன் மீதிப் பங்கு இன்ஜினுக்குள் போய்விட்டது. இதைவிட நேர்மையான சாட்சி வண்டியில் வேறு எதுவும் இல்லை. பாடி பளபளவென்று கழுவி, பிளாஸ்டிக்குக்குப் பாலிஷ் போட்டு வைத்திருப்பார்கள், இந்தக் குழாயை யாரும் துடைத்து வைப்பதில்லை.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் லீன். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் இரண்டையும் திறந்துவிட்டு ஜெட்டை மாற்றாத வண்டிகளில் இதுதான் வழக்கமாகக் கிடைக்கும் காட்சி. ஈயமில்லாப் பெட்ரோலில் நிறம் அவ்வளவு தெளிவாகத் தெரியாது என்பது உண்மை, ஆனால் வெள்ளைப் பீங்கான் மேல் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகளோ பளிச்சென்ற அலுமினியப் புள்ளிகளோ இருந்தால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, உள்ளே நாக்கிங் நடந்திருக்கிறது, அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஓட்டுங்கள். எல்லா கியரிலும் கனமாக ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் கூவினால் கிளட்ச் வழுக்குகிறது, சக்தி கூட்டிவிட்டுப் பழைய கிளட்ச் ஸ்பிரிங்கையே விட்டிருப்பார்கள். பாரம் கொடுக்கும்போது கியர் தானாக நழுவி விழுந்தால் இன்ஜின் கேஸையே பிரித்தாக வேண்டும், பெரிய செலவு. திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துச் சூட்டோடு சூடாக மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடுகிறதா, கூலன்ட் எங்கேயாவது கசிகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கேள்வி: நான் பார்த்த ஒரு 450 சிசி ஏடிவியில் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தோம், 80 பிஎஸ்ஐ மட்டும் காட்டியது. விற்பவர், "இதில் ஆட்டோ டிகம்ப்ரஷன் இருக்கிறது, அப்படித்தான் காட்டும்" என்றார். ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்றாமலும் இருக்கலாம். பெரிய ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக்கைச் சுற்றுவது கஷ்டம் என்பதால், ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் எக்ஸாஸ்ட் வால்வை லேசாகத் தூக்கிப் பிடிக்கிற அமைப்பைக் கேமிலேயே வைத்திருப்பார்கள். செல்ஃபில் சுற்றும்போது அது வேலை செய்துகொண்டிருப்பதால் கேஜ் குறைத்துத்தான் காட்டும். அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் 80 நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

கை வைத்த இன்ஜினில் அந்தப் புத்தகமும் முழுசாக உதவாது, இங்கேதான் சிக்கல். இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுகிற கேம் போட்டால் கேஜ் எண் இறங்கும். ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போட்டால் ஏறும். டிகம்ப்ரஷன் இல்லாத ரேஸ் கேம் என்றால் எகிறும். இரண்டு மூன்றையும் ஒன்றாகச் செய்திருந்தால் அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? அதனால் கம்ப்ரஷன் கேஜை ஒரே ஒரு எண்ணுக்காக நம்பாமல், இப்படிப் பயன்படுத்துங்கள். பேட்டரி முழு சார்ஜில், இன்ஜின் சூடாக, த்ராட்டில் முழுக்கத் திறந்து, முள் ஏறுவது நிற்கும்வரை சுற்றுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறவே இல்லை, ஆனால் முதல் எண்ணே குறைவு என்றால் வால்வோ கேஸ்கெட்டோ.

என் அபிப்பிராயத்தில் இந்த மாதிரி இன்ஜினுக்கு லீக் டவுன் டெஸ்ட்தான் சரி. கொஞ்சம் வசதியுள்ள பட்டறைகளில் இதற்கான கேஜ் இருக்கும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. இரண்டு வால்வும் மூடியிருப்பதால் கேம் என்ன, பிஸ்டன் என்ன என்பது இதில் குறுக்கே வராது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல இன்ஜின், 20-ஐத் தாண்டினால் வேலை வந்துவிட்டது. அதைவிட முக்கியம், காற்று எங்கே போகிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். கார்புரேட்டர் பக்கம் உஸ் என்றால் இன்டேக் வால்வ், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். காற்று கொடுத்ததும் இன்ஜின் திடீரென்று சுழலப் பார்க்கும், டாப் கியரில் போட்டுப் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சுழலும் எதன் பக்கத்திலும் கை வைக்க வேண்டாம்.

லீக் டவுன் நன்றாக இருக்கிறது, ஆனால் கம்ப்ரஷன் மட்டும் இருக்க வேண்டியதைவிடக் குறைவு என்றால் கேம் டைமிங் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம், அல்லது தண்ணீர் குடித்து ராட் வளைந்து பிஸ்டன் முழு உயரத்துக்கு வராமல் இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று, வாய்ப்பிருந்தால் வால்வ் இடைவெளியையும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள். ரேஸ் வகை 450-களில் எடை குறைந்த வால்வ் போட்டிருப்பார்கள், மேலே உள்ள மெல்லிய கடினப் பூச்சு தேய்ந்துவிட்டால் அப்புறம் வால்வ் வேகமாக உள்வாங்க ஆரம்பித்து இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடு) மாற்றி மாற்றிச் சில நாள் தள்ளலாம், முடிவு வால்வ் மாற்றுவதுதான்.

கேள்வி: என்னுடைய 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஏடிவியைக் கொடுத்துவிட்டு, ஒருவரின் பான்ஷீயை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. பணம் எதுவும் கைமாறாது. போர்ட்டிங் (சிலிண்டரின் காற்றுவழிகளை வெட்டிப் பெரிதாக்குவது), பெரிய கார்புரேட்டர், பைப் எல்லாம் செய்த இன்ஜின். டூ ஸ்ட்ரோக் எனக்குப் புதிது.

பதில்: ஆசையாக இருக்கும் என்பது புரிகிறது, அந்தச் சத்தத்துக்கே பலர் மயங்கிவிடுவார்கள். யமஹா பான்ஷீ 64 மி.மீ. போர், 54 மி.மீ. ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், 347 சிசி. 1987 மாடலிலிருந்து பல வருஷம் இன்ஜின் பெரிதாக மாறாமல் வந்த வண்டி. அதனால் பார்ட்ஸ் நிறையக் கிடைக்கும். அதே காரணத்தால், யாரும் கை வைக்காத பான்ஷீ கிடைப்பதுதான் அரிது.

இரண்டு சிலிண்டர் இருப்பது உங்களுக்குச் சாதகம். ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாமே. இரண்டிலும் பிளக்கைக் கழற்றி, த்ராட்டில் திறந்து, ஒரே மாதிரி கிக் செய்து கம்ப்ரஷன் பாருங்கள். எண் எவ்வளவு என்பது ஹெட்டை எப்படி வெட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. அப்புறம் எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றி, டார்ச் அடித்து போர்ட் வழியாகப் பிஸ்டனைப் பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்த வசதி கிடையாது. நெடுக்குக் கோடுகள் ஆழமாக விழுந்திருக்கிறதா, ரிங்குக்குக் கீழே பிஸ்டன் ஓரம் பழுப்பாகக் கருகியிருக்கிறதா, போர்ட் விளிம்பில் ரிங் மாட்டிய தடம் இருக்கிறதா என்பது நேராகவே தெரியும். போர்ட்டிங் செய்தவரின் கைத்திறமையும் அங்கேயே தெரிந்துவிடும், விளிம்புகள் மழுங்கலாகச் சீராக இருக்க வேண்டும், கத்தி போலக் கூராக விட்டிருந்தால் ரிங்கைத் தின்னும்.

கிராங்க்கைச் சோதிக்க ஒரு எளிய வழி. பிளக் ஓட்டை வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குச்சியைப் பிஸ்டன் மேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, ஃப்ளைவீலைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்கச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் நகர்ந்தும் குச்சி நகராமல் ஒரு கணம் நின்று, அப்புறம் டக்கென்று தொடர்ந்தால் ராட் பேரிங்கில் ஆட்டம் இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் மிக முக்கியமான விஷயம் காற்றுக் கசிவு. கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தால்தான் கலவை சரியாக இருக்கும். இன்ஜினை ரேஸ் செய்துவிட்டு விடும்போது ஐட்லிங்குக்கு உடனே இறங்காமல் கூவிக்கொண்டே நின்றால் எங்கேயோ காற்று இழுக்கிறது. ஃப்ளைவீல் பக்கத்துச் சீல் போனால் காற்று நுழைந்து அந்த சிலிண்டர் லீனாகிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இழுத்து எரிக்கும், புகை கூடும், ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். உறுதியாகத் தெரிய, இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம், சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடம் நுரைத்துக் காட்டும். இந்த டெஸ்ட்டுக்கு ஒத்துக்கொள்ளாத டூ ஸ்ட்ரோக் விற்பனையாளரிடம் நான் மாற்றல் பேச மாட்டேன்.

பெட்ரோலில் எந்த ஆயில், எந்த விகிதத்தில் கலக்கிறார் என்பதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 32-க்கு 1 என்பார்கள், வேறு விகிதமும் இருக்கலாம். கவனிக்க வேண்டியது, பான்ஷீயில் தனி ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலில் ஆயிலைக் கலந்துதான் டாங்க்கில் ஊற்ற வேண்டும்.  ஃபோர் ஸ்ட்ரோக் பழக்கத்தில் வெறும் பெட்ரோலை ஊற்றினால் முதல் சவாரியிலேயே இன்ஜின் போய்விடும்.

மாற்றிக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பணம் கைமாறவில்லை என்பதற்காகச் சோதனையை விட்டுவிடுகிறவர்கள் அதிகம், "என்னுடையதிலும் சின்னக் குறை இருக்கிறது, அவருடையதிலும் இருக்கும்" என்று மனசைத் தேற்றிக்கொள்வார்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பட் சத்தமும் டூ ஸ்ட்ரோக்கில் ஆட்டமான கிராங்க்கும் ஒரே எடைக் குறை இல்லை. ஒரே நாளில், ஒரே மெக்கானிக் முன்னால், இரண்டு வண்டியையும் சோதியுங்கள், உங்கள் வண்டியின் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், எதிராளியும் பேச ஆரம்பிப்பார். ஃபிரேம் எண், இன்ஜின் எண் இரண்டையும் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ராட் உடைந்து கேஸையே துளைத்த இன்ஜின்களுக்கு வேறு கேஸ் போட்டிருப்பார்கள், அப்போது எண் பொருந்தாது. அதற்கு நியாயமான பில் இருந்தால் சரி, எண்ணைச் சுரண்டியிருந்தால் உடனே விலகிவிடுங்கள். கழற்றி வைத்த ஒரிஜினல் சிலிண்டர், கார்புரேட்டர், பைப் எல்லாம் பேச்சில் சேருமா என்பதையும் எழுத்தில் போடுங்கள்.

கேள்வி: "இப்போதுதான் டாப் எண்ட் (பிஸ்டன், சிலிண்டர் உள்ள மேல்பகுதி) முழுக்கப் புதுசு" என்கிறார் ஒருவர். அது நல்ல விஷயம்தானே?

பதில்: ஏன் பிரித்தார்கள் என்பதற்கான பதிலைப் பொறுத்தது. நேரம் வந்தது, மாற்றினோம் என்றால் நல்லது. பிஸ்டன் உடைந்து பிரித்தார்கள் என்றால் அந்தத் துணுக்குகள் கீழே கிராங்க்குக்குப் போயிருக்கும், அடியையும் பிரித்துக் கழுவினார்களா என்று கேட்க வேண்டும். தேய்ந்த கிராங்க் மேல் புதுப் பிஸ்டனும் இறுக்கமான கம்ப்ரஷனும் வைத்தால் பேரிங் இன்னும் சீக்கிரம் போகும். பிஸ்டன், ரிங், கேஸ்கெட் பில், போர் போட்ட பில், கழற்றிய பழைய பிஸ்டன், இவற்றில் ஏதாவது ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போர் இப்போது எத்தனையாவது ஓவர்சைஸ், இன்னும் எத்தனை மிச்சம் என்றும் கேளுங்கள். உள்ளே நிக்கல் பூச்சுக் கொடுத்த சிலிண்டர் என்றால் சாதாரணமாகப் போர் போட முடியாது, கீறல் விழுந்தால் மறுபூச்சு அல்லது புது சிலிண்டர். வெளியே கேஸ் இணைப்புகளில் பிதுங்கி நிற்கும் சீலன்ட்டும், தலை மழுங்கிய போல்ட்டும் வேலை செய்த கையைப் பற்றிச் சொல்லிவிடும். புது ரிங் முழுசாக உட்காரும்வரை கம்ப்ரஷன் எண் கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், அதை மட்டும் வைத்து நிராகரிக்க வேண்டாம்.

கேள்வி: ஆட்டோமேட்டிக் 4x4 யூட்டிலிட்டி ஏடிவி, பெரிய டயர், லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்கள்), ஸ்நார்க்கல் (தண்ணீருக்கு மேலிருந்து காற்றை இழுக்கும் குழாய்) வைத்தது. இன்ஜின் ஸ்டாக், கை வைக்கவில்லை என்கிறார்கள். கவலை இல்லையா?

பதில்: ஸ்நார்க்கல் இருக்கிறது என்றால் அந்த வண்டி ஆழமான தண்ணீரில் ஓடியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும். இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ் ஆயில், முன் பின் டிஃபரன்ஷியல் ஆயில், எல்லாவற்றையும் தனித்தனியாகப் பாருங்கள், எங்கே வெளுப்பு தெரிந்தாலும் தண்ணீர் போயிருக்கிறது. ஏர் பாக்ஸின் அடியில் காய்ந்த சேற்றுக் கோடு இருந்தால் ஸ்நார்க்கல் இணைப்பே கசிந்திருக்கிறது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய் ராட் வளைந்திருக்கும் வாய்ப்பைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன், இந்த வகை வண்டியில் அதை மனசில் வைத்தே கேஜைப் போடுங்கள். ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு இறுகியிருந்தால் வெளியே கழுவியது போதாது, இன்ஜின் சூட்டிலேயே ஓடியிருக்கும்.

பெரிய டயர் இன்னொரு பாரம். கிளட்ச் கிட்டோ கியர் குறைப்போ இல்லாமல் பெரிய டயர் மட்டும் மாட்டினால் பெல்ட் வழுக்கிச் சூடாகும். பெல்ட் கவரைத் திறந்து மூக்கை வையுங்கள், கருகிய ரப்பர் வாடை வந்தால் தெரிந்துவிடும். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல மினுங்குகிறதா, பிளவு விழுந்திருக்கிறதா, கிளட்ச் தட்டுகளில் பள்ளம் இருக்கிறதா பாருங்கள். மணிக்கணக்கு மீட்டர் இருந்தால், ஓடிய தூரத்தை மணிகளால் வகுத்துப் பாருங்கள். சராசரி வேகம் மிகக் குறைவாக வந்தால் பெரும்பாலான நேரம் சேற்றிலும் ஐட்லிங்கிலும் போயிருக்கிறது, தூரத்தை மட்டும் பார்த்து "குறைவாக ஓடிய வண்டி" என்று முடிவு செய்ய முடியாது. மீட்டர் மாற்றப்பட்ட வண்டியில் இந்தக் கணக்கு பயன்படாது.

கேள்வி: பிளக்கைக் கழற்றவே விற்பவர் விடமாட்டேன் என்கிறார். என்ன செய்ய?

பதில்: முன்பின் தெரியாத ஒருவர் தன் இன்ஜினில் ஸ்பேனர் வைப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அவரே கழற்றட்டும், அல்லது அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கே கழற்றட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் போதும், கூலியை நீங்கள் கொடுத்துவிடுங்கள். அதற்கும் முடியாது என்றால் இரண்டே வழி. இன்ஜின் முழுவதையும் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு ஒரு விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு அவர் ஒத்துவரவில்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.